வெளிச்சத்துக்காக மரமேறிய இனம்

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் கிழக்கே போகும்போது, சில பனைகளை ஆலமரம் ஒன்று வளைத்துக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். ஆலின் விதை நிலத்தில் விழுந்து முளைத்துப் பிறகு பனையில் ஏறியதில்லை. குக்குறுவானோ குயிலோ மைனாவோ பழத்தைத் தின்றுவிட்டுப் பனை மட்டையின் அடிக்கட்டையில் எச்சமிட, அந்த இடுக்கில் சேர்ந்திருந்த தூசியிலும் மட்கிலும் விதை முளைத்தது. வேர் அங்கிருந்து தரைக்கு இறங்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தக் கன்றுக்குக் கிடைத்தது ஒரு கைப்பிடி மண்ணும் எப்போதாவது பெய்த மழையும்தான். ஆனால் வெயில் மட்டும் விடிந்ததிலிருந்து அடையும்வரை தடையில்லாமல் கிடைத்தது. அடர்ந்த காட்டின் தரையில் வெளிச்சம் அரிது. அந்த இருட்டில் மற்ற கன்றுகளோடு போராடுவதை விட்டுவிட்டு, உயரத்தில் முளைத்து வேரைக் கீழே அனுப்பும் வழிக்கு இந்த இனம் பழகிக்கொண்டது. கோயில் கோபுரத்தின் சுதை இடுக்கிலும், பழைய பங்களாக்களின் மதில் வெடிப்பிலும் அரசும் இச்சியும் முளைப்பதற்கும் காரணம் இதுவே. தண்ணீர்ப் பஞ்சத்தைத் தாங்கும், மண் பஞ்சத்தையும் தாங்கும். வெளிச்சப் பஞ்சத்தை மட்டும் இந்த இனத்தால் தாங்க முடியாது.

இதே இனத்தின் உறுப்பினர்கள்தான் இப்போது பாளையங்கோட்டையின் மகாராஜ நகரிலும் பெருமாள்புரத்திலும் தியாகராஜ நகரிலும் வீட்டு வரவேற்பறைகளுக்குள் வந்து நிற்கின்றன. நர்சரிகளில் ‘ஃபைகஸ்’ என்று சொல்லி விற்கப்படும் சிற்றிலைச் செடி பெரும்பாலும் ஃபைகஸ் பெஞ்சமினா. ‘ரப்பர் பிளாண்ட்’ என்பது ஃபைகஸ் எலாஸ்டிகா. மேகாலயாவில் காசி, ஜைந்தியா மக்கள் ஓடைகளுக்குக் குறுக்கே வேர்களைப் பின்னி உயிருள்ள பாலங்களாக வளர்க்கிறார்களே, அதே மரம். பிரேசிலின் ரப்பர் மரம் ஆசியாவுக்கு வந்து பரவும்வரை இதன் பாலிலிருந்தும் ரப்பர் எடுக்கப்பட்டது. அகன்ற இலையோடு பத்திரிகைப் படங்களில் ஒய்யாரமாக நிற்கும் ‘ஃபிடில் லீஃப்’ மேற்கு ஆப்பிரிக்காவின் மழைக்காட்டு மரம். தடித்த வேரைக் காட்டிப் ‘போன்சாய்’ என்று விற்கப்படுவது ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா. நம் ஊரில் இச்சி, கல்லிச்சி என்று இடத்துக்கு இடம் பெயர் மாறி வழங்கும் மரங்களில் அதுவும் ஒன்று. ஆல், அரசு, அத்தி, இத்தி என்று சித்த மருத்துவம் சேர்த்துச் சொல்லும் நான்கு பால் மரங்களின் நெருங்கிய உறவுகள் இவை எல்லாம். ‘நிழலிலேயே வளரும், வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும்’ என்று சொல்லிக் கொடுக்கப்படும் இந்தச் செடிகளில் பல, ஓராண்டுக்குள் இலை கொட்டி மொட்டையாகிவிடுகின்றன. வளர்த்தவர்கள் தண்ணீரைக் குறை சொல்கிறார்கள், உரத்தைக் குறை சொல்கிறார்கள், கைராசியையும் குறை சொல்கிறார்கள். பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் இருட்டுதான் என்பதே என் வாதம்.

‘இருட்டால் செத்திருந்தால் வேர் ஏன் அழுகியிருக்கிறது? தண்ணீர் மிஞ்சியதால்தானே?’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஏனென்றால் தோண்டிப் பார்த்தால் வேர் அழுகித்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் ஏன் மிஞ்சியது? செடி தண்ணீரை உறிஞ்சுவது இலைத்துளைகள் திறந்து நீராவி வெளியேறுவதால். அந்தத் துளைகளைத் திறக்கவைப்பது முதன்மையாக வெளிச்சம். வெளிச்சம் குறைந்த மூலையில் இலைத்துளைகள் சரியாகத் திறப்பதில்லை. தொட்டியில் ஊற்றிய தண்ணீர் நாள்கணக்கில் அப்படியே நிற்கிறது. மண்ணின் காற்றிடைவெளிகள் நீரால் அடைபடுகின்றன. மூச்சுவிட முடியாத வேர் அழுகுகிறது. வேர் அழுகினால் தண்ணீர் ஏறாது, இலை வாடும். வாடிய இலையைக் கண்டவர் இன்னும் ஒரு செம்பு ஊற்றுவார். அதே அளவு தண்ணீரை அதே தொட்டியில் கிழக்கு ஜன்னலோரம் ஊற்றியிருந்தால் இரண்டு மூன்று நாளில் செடி குடித்து முடித்திருக்கும். எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்ற கேள்விக்குத் தனியான விடை கிடையாது. செடி நிற்கும் இடத்தின் வெளிச்சம் தெரிந்த பிறகே அதற்கு விடை சொல்ல முடியும். கிழமை பார்த்து ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட்டு, விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, அங்கே காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்ற வேண்டும். அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும்.

வெளிச்சம் விஷயத்தில் நம்மை ஏமாற்றுவது நம் கண்தான். மனிதக் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் வெகு சீக்கிரம் பழகிக்கொள்கிறது. அதனால் கூடத்து நடுப்பகுதி நமக்கு ‘நல்ல வெளிச்சமாக’வே தெரியும். அளந்து பார்த்தால் கணக்கு வேறு. உச்சி வெயிலில் திறந்த வெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். மர நிழலில்கூடப் பத்தாயிரம் லக்ஸ் அளவில் கிடைக்கும். ஜன்னலை ஒட்டிய இடத்தில் சில ஆயிரம். அங்கிருந்து பத்தடி உள்ளே தள்ளினால் பெரும்பாலான வீடுகளில் 200 லக்ஸ் தேறினாலே அதிகம்; இரவில் குழல்விளக்கு கொடுப்பதும் அவ்வளவுதான். அதாவது ஜன்னலிலிருந்து சோபாவின் பின்பக்கத்துக்கு நகர்த்துவதில் செடி தன் சாப்பாட்டில் பத்தில் ஒன்பது பங்கை இழக்கிறது. இந்த இனத்துக்கு உயிர் பிழைத்திருக்கவே ஆயிரம் லக்ஸுக்குக் குறையாமல் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. புதுத் துளிர் விட அதற்கு மேலும் வேண்டும். கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இருக்கிறது, தோராயமாக அது போதும். அதுவும் வேண்டாம் என்றால், நடுப்பகலில் இலை இருக்கும் உயரத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அதன்மேல் ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். நிழலின் விளிம்பு தெளிவாக விழுந்தால் இடம் நல்லது; மங்கலாக விழுந்தால் சமாளிக்கலாம்; நிழலே விழவில்லை என்றால் அது செடிக்கான இடமில்லை. ‘எங்கள் வீட்டு மூலையில் ஓராண்டாக அப்படியே நிற்கிறதே’ என்பவர்கள் இலைகளை எண்ணிப் பார்க்கட்டும். தண்டிலும் வேரிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தைக் கரைத்துத் தின்றபடி இந்தச் செடிகள் பல மாதம் தாக்குப்பிடிக்கும். புது இலை விடாமல் பழைய இலையை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பது வளர்ச்சியாகாது.

இங்கே நம் ஊருக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. செடி வளர்ப்புப் புத்தகங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்படுவதால் இது விட்டுப்போகிறது. ‘தெற்கு ஜன்னலில் வையுங்கள்’ என்று அந்தப் புத்தகங்கள் சொல்கின்றன. லண்டனில் டிசம்பர் மாத நண்பகல் சூரியன் தொடுவானத்துக்கு மேலே 15 டிகிரி அளவே ஏறும். ஏழடி உயரத்தில் மேல்விளிம்பு உள்ள தெற்கு ஜன்னல் வழியே அந்த வெயில் அறைக்குள் 25 அடிவரை நீளும். பாளையங்கோட்டை பூமத்திய ரேகைக்கு வடக்கே 8.7 டிகிரியில் இருக்கிறது. இங்கே அதே டிசம்பரில் நண்பகல் சூரியன் 58 டிகிரி உயரத்தில் நிற்கும். அதே ஜன்னல் வழியே வெயில் நாலரை அடிக்குமேல் உள்ளே வராது. இரண்டடி சன்ஷேடு இருந்தால் இரண்டரை அடியோடு நின்றுவிடும். ஏப்ரல் நடுவில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்து, ஆகஸ்ட் கடைசிவரை நண்பகலில் வடக்கேதான் நிற்கிறது. அந்த நாலரை மாதமும் தெற்கு ஜன்னலுக்கு நேர்வெயில் ஏறத்தாழ இல்லை. வடக்கு ஜன்னலுக்கு உண்டு. ஊர் முழுக்க வெயில் கொளுத்தினாலும் நம் அறைகள் உள்ளே இருட்டாக இருப்பது இதனால்தான். வெக்கைக்குப் பயந்து நாம் கட்டும் சன்ஷேடும், போடும் திரையும், சின்ன ஜன்னலும் மிச்ச வெளிச்சத்தையும் வெளியே நிறுத்திவிடுகின்றன. ஆகவே இங்கே சிறந்த இடம் கிழக்கு ஜன்னல். ஆண்டு முழுதும் காலை வெயில் தாழ்வாகச் சாய்ந்து வரும், இலையைப் பொசுக்காது. மேற்கு ஜன்னலிலும் வெயில் தாழ்வாக வரும், ஆனால் பங்குனி, சித்திரையில் அதற்குள் சுவரும் காற்றும் காய்ந்துபோயிருப்பதால் மெல்லிய திரை வேண்டும். வடக்கும் தெற்கும் பருவத்துக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டிய இடங்கள். நம் பழைய வீடுகளில் செடிக்கு ஏற்ற இடங்கள் தாமாகவே இருந்தன: நடுமுற்றத்தின் ஓரமும், தெருவைப் பார்த்த தார்சாவும். முற்றத்தை மூடிக் கான்கிரீட் போட்ட பிறகு, பட்டாசல் என்னும் கூடத்தில் வைக்கும் செடிக்கு வெளிச்சம் வர வழியில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பிடிவாதமாக வளர்க்க விரும்புபவர்கள் செடிக்கென்றே விற்கும் வெள்ளை எல்இடி விளக்கை இலைக்கு ஓரிரு அடி மேலே தொங்கவிட்டு, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிய விடலாம். மின்செலவு பெரிதாக வராது, பலன் நிச்சயம். அலங்காரச் சிவப்பு, நீல விளக்குகள் தேவையில்லை.

அப்படியானால் நர்சரியில் வாங்கிய அன்றே நேரே வெயிலில் வைத்துவிடலாமா என்றால், கூடாது; வெளிச்சம் எந்தப் பக்கம் திடீரென மாறினாலும் இந்தச் செடிக்கு ஆகாது. 1970களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், அபாப்காவிலிருந்த பல்கலைக்கழக ஆய்வு மையத்தில், கோனவர், பூல் என்ற இரு தோட்டக்கலை ஆய்வாளர்கள் ஃபைகஸ் பெஞ்சமினாவைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். முழு வெயிலில் வளர்ந்த செடிகளை நேராக அறைக்குள் கொண்டுவந்தபோது அவை இலைகளைக் கொட்டின. நிழல்வலைக்குக் கீழே சில காலம் வளர்த்து, உரத்தையும் குறைத்துப் பழக்கிய செடிகள் மிகக் குறைவாகவே கொட்டின. வெயிலில் விரிந்த இலை தடிப்பானது, சின்னது. தன்னைப் பராமரித்துக்கொள்ளவே அதிக வெளிச்சம் கேட்பது. நிழலில் விரிந்த இலை மெல்லியது, அகன்றது. குறைந்த வெளிச்சத்திலும் வரவு செலவைச் சரிக்கட்டிக்கொள்வது. ஒருவகை இலை இன்னொரு வகையாக முழுதாக மாறாது. பழையதை உதிர்த்துவிட்டுப் புதியதை விடுவதே இந்த இனத்தின் வழக்கம். ஆகவே புதிதாக வந்த பெஞ்சமினா முதல் மாதத்தில் இலை கொட்டினால் பதற வேண்டாம். தண்ணீரைக் கூட்டுவதும், உரம் போடுவதும், தினம் ஓர் இடமாக மாற்றிவைப்பதும்தான் கெடுதல். ஓரிடத்தில் வைத்துப் பொறுத்திருந்தால் அந்த இடத்து வெளிச்சத்துக்கேற்ற இலை துளிர்க்கும். இதே பாடம் எதிர்த்திசையிலும் உண்மை: மூலையில் வாடிய செடியைப் பாவம் பார்த்துச் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் ஒரே பகலில் இலை பழுப்பாகப் பொசுங்கும். இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு படிப்படியாக ஜன்னலை நோக்கி நகர்த்த வேண்டும்.

வெளிச்சம் சரியான பிறகு பார்க்க வேண்டிய அடுத்த பகை, நம் பள்ளத்தாக்கின் காற்று. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் பெய்யும்போது மலையைத் தாண்டி வரும் காற்று பாளையங்கோட்டைக்கு வந்து சேர்வதற்குள் ஈரத்தை இழந்து வறண்டுவிடுகிறது. திறந்த ஜன்னலில் நிற்கும் ஃபிடில் லீஃபின் இலை விளிம்பு கருகுவதும், சிலந்திப்பேன் பெருகுவதும் இந்தப் பருவத்தில்தான் அதிகம். அந்த இரண்டு மாதம் காற்று நேராக அடிக்காத பக்கத்துக்கு நகர்த்தி, இலைகளின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் வாரம் ஒருமுறை துடைத்துவிட்டால் பாதிப் பூச்சித் தொல்லை தீர்ந்துவிடும். மீதிக்கு வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளிக்கலாம். ஏசி காற்று நேராகப் படும் இடமும் ஆகாது. தண்ணீரில், குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் நல்லது. ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரையே தொடர்ந்து ஊற்றினால் தொட்டி விளிம்பில் வெள்ளை படியும், இலை நுனி காயும். அதைத் தவிர்க்க முடியாதவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியை வெளியே வைத்து உப்பைக் கழுவவிடலாம். மண்கலவைக்குச் செம்மண், மக்கிய தொழு உரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சேர்த்து, நீர் வடிய உடைத்த செங்கல் துண்டும் உமிக்கரியும் கலந்தால் போதும். ஆற்று மணல் வேண்டும் என்று பழைய குறிப்புகள் சொல்லும். தாமிரபரணி மணலுக்காக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை வழக்காடிய மாவட்டம் இது, தொட்டிச் செடிக்கு அந்த மணல் தேவையே இல்லை. தொட்டி பிளாஸ்டிக்கில் இருப்பதைவிடக் காருகுறிச்சி போன்ற ஊர்களில் சுடும் மண்தொட்டியாக இருப்பது மேல். பக்கச்சுவர் வழியே ஈரம் வெளியேறுவதால் அளவு மீறி ஊற்றும் கைக்கு அது ஓரளவு காப்பு.

பெரியவர்கள் எழுப்பும் தடை இன்னொன்று: ஆலும் அரசும் வீட்டுக்கு ஆகாது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. இதன் அடியில் கண்ணால் கண்ட அனுபவம் இருக்கிறது. சுவர் வெடிப்பில் இறங்கிய அரச வேர், தடிக்கத் தடிக்கக் காரையைப் பிளக்கும். மேலே வெட்டினாலும் அடிவேரிலிருந்து திரும்பத் துளிர்க்கும். கோயில் திருப்பணிகளில் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று கோபுரத்துச் செடிகளை வேரோடு எடுப்பது. ஆனால் தொட்டியில் அடைபட்ட வேர் தொட்டி அளவுக்கே மரத்தை வளரவிடும். கவனிக்க வேண்டியது இரண்டுதான். தொட்டியை மண்தரையிலோ வெடிப்புள்ள மாடித் தளத்திலோ நேராக வைக்கக் கூடாது, அடித்துளை வழியே வேர் இறங்கிவிடும். தட்டோ தாங்கியோ வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மழைக்காலத் தொடக்கத்தில் வெளியே எடுத்து, சுற்றி வளைந்த வேர்களில் மூன்றில் ஒரு பங்கை நறுக்கிப் புது மண்ணில் வைக்க வேண்டும். அரசு இலையுதிர்க்கும் மரம், அத்தி ஆற்றோரத்தில் நீரும் இடமும் கேட்கும் மரம். இவை இரண்டும் வீட்டுக்குள் வேண்டாம் என்பதில் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடே. உலர்பழமாக விற்கும் சீமை அத்தியும் தினம் ஆறு மணி நேர நேர்வெயில் கேட்பது. அதன் இடம் மொட்டைமாடி.

பாலைப் பற்றிய அச்சத்துக்கும் ஆதாரம் உண்டு. கிளை நறுக்கும்போது வடியும் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். நாயோ பூனையோ இலையைக் கடித்தால் வாயெரிந்து எச்சில் வடியும். 1980களில் ஸ்வீடனில், செடி பராமரிப்புத் தொழிலில் இருந்தவர்களுக்குப் பெஞ்சமினாவால் மூச்சுத் தொல்லையும் மூக்கொழுக்கும் வருவதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இலையிலிருந்து வெளியேறும் புரதம் தூசியில் கலந்து பரவுகிறது. ரப்பர் கையுறை ஒவ்வாதவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் படுக்கையறையில் இதை வைக்க வேண்டாம். மற்றவர்கள் கையுறை போட்டு நறுக்கி, இலைத் தூசியைத் துடைத்துவந்தால் போதும்.

இந்தச் செடியை வாங்கச் சொல்லும் காரணங்களில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை: வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்பது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1989இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இது கிளம்பியது. அந்தச் சோதனை, காற்றுப் புகாத சிறு கூண்டுகளுக்குள் நடந்தது. 2019இல் டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் கம்மிங்ஸ், வாரிங் இருவரும் பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, ஜன்னல் கதவு வழியே இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்து, சில கணக்குப்படி ஆயிரம் செடிகள்வரை வேண்டும் என்று தெரிந்தது. காற்றுக்கு ஜன்னலைத் திறந்தால் போதும். வெளிச்சத்துக்கும் அதே ஜன்னல்தான்.

ஊருக்கு நிஜ ஆலமரங்கள் வேண்டியிருக்க, வீட்டுக்குள் எதற்கு இந்தச் சின்ன மரம் என்று கேட்பவர்களின் கேள்வியே எல்லாவற்றிலும் கனமானது. சாலை அகலப்படுத்தும்போது வெட்டுப்பட்ட ஓர் ஆலுக்கு எத்தனை தொட்டிச் செடியும் ஈடாகாது. ஒரு குக்குறுவானுக்குக்கூட அவை பழம் தராது. ஆனாலும், எந்தச் செடியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் இரண்டையும் இணைக்க இடமுண்டு. ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா நம் மண்ணுக்கு உரிய இனம், வறட்சி தாங்கும், கிழக்கு ஜன்னலில் பல ஆண்டு நிற்கும். அறைக்குள் அடங்காத அளவு வளர்ந்த பிறகு ஐப்பசி மழையில் குளக்கரையிலோ பள்ளி வளாகத்திலோ கட்டடத்திலிருந்து தள்ளி நட்டால் பிழைத்துக்கொள்ளும். அத்தி இனங்களில் பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் மகரந்தம் சேர்க்கத் தனிக் குளவி உண்டு. மைக்ரோகார்ப்பாவின் குளவி இங்கே இருக்கிறது, அதனால் காய் பிடித்து விதையோடு பழுக்கும், பறவை வரும். ஃபிடில் லீஃபின் குளவி ஆப்பிரிக்காவிலேயே இருந்துவிட்டது. அந்த மரத்தைக் குளக்கரையில் நட்டால் இலை மட்டுமே மிஞ்சும். வாங்கும்போதே வளர்ந்த பின் எங்கே போகும் என்பதையும் சேர்த்து யோசிப்பவர்கள் இச்சியை வாங்கட்டும். ஒட்டுப்போட்ட ‘போன்சாய்’ வேண்டாம். வெட்டாமல் விட்ட, ஒரே தண்டுள்ள ஓரடிக் கன்று போதும்.